கதிரியக்கத் தூசு இறங்கினால் அடுக்குமாடியில் எங்கே இருப்பது?

வேளச்சேரி மேல்மாடி:
ஸ்டில்ட் பார்க்கிங், அதற்கு மேல் நாலு மாடி. எங்கள் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே. எங்கோ அணுகுண்டு வெடித்து, காற்றோடு தூசு இங்கே வந்து இறங்கினால் வீட்டிலேயே இருக்கலாமா, பார்க்கிங்குக்கு இறங்கிவிடலாமா? 4 வயதுக் குழந்தைக்கு அயோடின் மாத்திரை வாங்கி வைக்கணுமா?

கான்கிரீட்:
இரண்டு இடமும் வேண்டாம் சார். தூசு படிவது மொட்டை மாடியிலும் தெருவிலும்தான். காமா கதிர் வருவதும் அங்கிருந்துதான். அதைப் பாதியாகக் குறைக்க சுமார் 6 செ.மீ. கான்கிரீட் வேண்டும். உங்கள் தலைக்கு மேல் 12 செ.மீ. ஸ்லாப் ஒன்றுதான், கால்வாசி உள்ளே வந்துவிடும். இரண்டாம் மாடியில் இருந்தால் மேலே மூன்று ஸ்லாப், மாடியிலிருந்து வருவது 64-இல் ஒரு பங்காகிவிடும். ஸ்டில்ட்டில் சுவரே கிடையாது, தரையில் கிடக்கும் தூசு பக்கவாட்டில் நேராகத் தாக்கும். இரண்டாம் மாடிக்காரர்களிடம் இப்போதே பேசி வையுங்கள். அங்கே வெளிச்சுவரும் ஜன்னலும் இல்லாத நடை அல்லது பாத்ரூம்தான் நல்ல இடம்.

முதல் நாள்தான் முக்கியம். வெடித்து 1 மணி நேரத்தில் கதிர்வீச்சு 100 என்றால், 7 மணி நேரத்தில் 10, 49 மணி நேரத்தில் 1. அதனால் குறைந்தது 24 மணி நேரம் வெளியே தலைகாட்டாதீர்கள். பேட்டரி ரேடியோ ஒன்று கையில் இருக்கட்டும்.

தைராய்டு:
மேலே சொன்ன கணக்கு குண்டுக்கு மட்டும். கல்பாக்கம் போன்ற அணு உலையில் விபத்து என்றால் பொருந்தாது. அங்கிருந்து வெளியேறும் கதிரியக்கப் பொருள்களில் அயோடின்-131 பாதியாகவே 8 நாள், சீசியம்-137 பாதியாக 30 வருஷம் ஆகும்.

நீங்கள் கேட்ட அயோடின் மாத்திரை, அதாவது பொட்டாசியம் அயோடைடு, தைராய்டை மட்டும்தான் காக்கும், அதுவும் கதிரியக்க அயோடினிடமிருந்து. உடம்பு முழுக்கத் துளைக்கும் காமாவை அது தடுக்காது. பெரியவர்களுக்கு 130 மி.கி., 3 முதல் 12 வயது வரை 65 மி.கி.; அரசு சொன்னால் மட்டும் கொடுங்கள். அயோடின் உப்பைத் தின்று ஈடுகட்ட முடியாது. 130 மி.கி. மாத்திரையில் அயோடின் மட்டும் சுமார் 100 மி.கி.; உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராம் என்றால், பெரியவர் ஒருவருக்கு ஆறரை கிலோவுக்கு மேல் உப்பு வேண்டும்! புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தை யாரும் குடித்துவிடாதீர்கள், விஷம்.

குழந்தைக்கு மாட்டுப்பால் கொஞ்ச நாள் வேண்டாம், அயோடின்-131 புல் வழியாகப் பாலில் சேரும். முன்பே வாங்கி வைத்த பால் பவுடர் போதும்.

கான்கிரீட்:
வெளியிலிருந்து யாராவது வந்தால், வாசலிலேயே மேல் உடையைக் கழற்றி, பாலிதீன் பையில் போட்டு முடிச்சிட்டு, ஆள் புழங்காத மூலையில் வைக்கச் சொல்லுங்கள். ஒட்டிய தூசில் 90 சதவீதம் வரை அதோடு போய்விடும். பிறகு சோப்பு, ஷாம்பு. நார் போட்டுத் தேய்த்தால் தோல் கீறித் தூசு உள்ளே இறங்கும். கண்டிஷனர் கூடாது, தூசை முடியோடு ஒட்டவைக்கும். எண்ணெய் வைத்த தலையை இன்னும் கவனமாக அலசணும். 1954 மார்ச்சில் மார்ஷல் தீவுகளின் ராங்கலாப்பில், அமெரிக்காவின் ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் வெள்ளைச் சாம்பல் கொட்டியபோது, தேங்காய் எண்ணெய் தடவிய முடியில்தான் அது அப்பிக்கொண்டது. தலையில் புண் வந்து முடி கொட்டியது.

வேளச்சேரி மேல்மாடி:
நன்றி. தண்ணீர்? ஏசி?

தைராய்டு:
மூடியிட்ட டேங்க்கில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரைக் குடிக்கலாம். சம்ப் மூடியைச் சாத்தி, மோட்டாரை நிறுத்துங்கள். தூசு விழுந்த தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பயனில்லை. ஸ்ப்ளிட் ஏசி அறைக்காற்றையே சுழற்றுவதால் ஓடலாம். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையை மட்டும் அட்டை வைத்து டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள்.