கறுப்புத் திரையில் கோப்புறை விட்டுக் கோப்புறை தாவ

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட ஆபீஸ்களில் லினக்ஸ் பார்க்கிறவர்களுக்கு: பாஷ் ஷெல்லில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் கறுப்புத் திரை) எது கைகொடுத்தது, எது காலை வாரியது?

லயத்துவாசி: கோப்புறை மாற்றும் சிடி (cd) கட்டளை, ஒரு இடைவெளி, ஒரு சிறுகோடு. இதற்கு முன் நின்ற கோப்புறைக்கே திரும்பலாம். செம்பனை எடைக்கும் பெரட்டு (காலை ஆளெடுப்பு) கணக்குக்கும் மாறி மாறிப் போக இதுவே போதும். ஆனால் அதற்கு ஒரே ஒரு இடம்தான் ஞாபகம். மூன்றாவது கோப்புறைக்குள் போனால் முதலாவது போச்சு.

பால்மரம்: அதுக்குத்தானே புஷ்டி (pushd) கட்டளை இருக்கு அண்ணே! கோப்புறைப் பெயரோடு புஷ்டி அடித்தால், நின்ற இடத்தை அடுக்கில் வைத்துவிட்டுத்தான் நகரும். பாப்டி (popd) அடித்தால் திரும்பும். டிர்ஸ் -வி (dirs -v) அடுக்கை எண்ணோடு காட்டும். 0 என்பது இப்போது நிற்கிற இடம். புஷ்டி +2 என்றால் நேராக 2ஆம் எண்ணுக்கு. பலர் சறுக்குவது எங்கே என்றால், நடுவில் பழக்கத்தில் சிடி அடித்துவிடுவார்கள். சிடி அடுக்கில் எதையும் சேர்க்காது, 0ஐ மட்டும் மாற்றும். அப்புறம் பாப்டி அடித்து, விட்ட இடம் வரவில்லையே என்று முழிப்பார்கள்.

ரப்பர்கொட்டை: அடித்த பாதை தப்பாகிவிட்டால் கன்ட்ரோல்-டபிள்யூ வேண்டாம். இடைவெளி வரைக்கும் அழிப்பதால் மொத்தப் பாதையும் போய்விடும். ஆல்ட்-பேக்ஸ்பேஸ் ஒவ்வொரு சொல்லாகக் கழிக்கும். அழிந்ததைக் கன்ட்ரோல்-ஒய் திருப்பித் தரும். பிரவுசருக்குள் திறந்த டெர்மினல் என்றால் கன்ட்ரோல்-டபிள்யூ அந்தத் தாவலையே மூடிவிடலாம், ஜாக்கிரதை. மேக்கில் ஆல்ட் வேலை செய்யாவிட்டால், டெர்மினல் அமைப்பில் ஆப்ஷன் விசையை மெட்டாவாக (ஆல்ட்டுக்கு ஷெல் வைத்திருக்கும் பெயர்) மாற்றுங்கள்.

லயத்துவாசி: ஆல்ட்-புள்ளியை விட்டுட்டீங்களே தம்பி. எம்கேடிர் (mkdir) போட்டுக் கோப்புறை உண்டாக்கியதும் சிடி, இடைவெளி, ஆல்ட்-புள்ளி. முந்தின கட்டளையின் கடைசிச் சொல் அப்படியே வந்து உட்காரும்.

பால்மரம்: முன்பு அடித்த நீளப் பாதையைத் தேட கன்ட்ரோல்-ஆர், பிறகு பெயரில் நாலு எழுத்து. இன்னும் பழையது வேண்டுமென்றால் மறுபடி கன்ட்ரோல்-ஆர். தாண்டிப் போய்விட்டோமே, முன்னோக்கித் தேடலாம் என்று கன்ட்ரோல்-எஸ் தட்டினால் பெரும்பாலான டெர்மினல்களில் திரை உறைந்துவிடும். கணினி தொங்கவில்லை, வெளியீடுதான் நிறுத்தப்பட்டிருக்கிறது. கன்ட்ரோல்-க்யூ அடித்தால் விடும். ஜன்னலை மூடிவிடாதீர்கள்.

ரப்பர்கொட்டை: சிடிபாத் (CDPATH, சிடி கோப்புறையைத் தேடும் இடங்களின் பட்டியல்) வைக்கிறவர்கள் முதலில் ஒரு புள்ளி, அப்புறம் முக்காற்புள்ளி, அதன் பிறகே மற்ற இடங்கள். புள்ளி இல்லையென்றால், பக்கத்திலேயே 'எடை' கோப்புறை இருந்தும் வேறெங்கோ உள்ள 'எடை'க்குக் கொண்டுபோய் விடும். அதை எக்ஸ்போர்ட் செய்து மற்ற நிரல்களுக்கு அனுப்பவும் கூடாது. ஸ்கிரிப்ட்களுக்குள் இருக்கும் சிடியும் திசைமாறும்.