புதுப்பிப்பு: அம்மாவின் குரல் அறுந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது

இரவு இணைய அழைப்பில் அம்மாவின் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்றும், வேகம் சரியாகவே இருப்பதாக இணைய நிறுவனம் சொல்கிறது என்றும் முன்பு எழுதியிருந்தேன். அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் நான் அளந்திருக்க வேண்டியது வேகத்தை அல்ல.

ஒரு குரல் அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட் போதும். குரலைக் கெடுப்பவை தாமதமும், அது ஏறி இறங்குவதும், குரலைத் துண்டு துண்டாகச் சுமந்து செல்லும் தரவுப் பொட்டலங்கள் வழியில் தொலைவதும்தான். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்.

ஒரு பொட்டலம் போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும் பிங் என்ற கட்டளையை ஒரு வாரம் கணினியில் ஓடவிட்டுக் குறித்துவைத்தேன். பகலில் 20 மில்லிநொடி. இரவு ஒன்பது மணிக்கு 600! அந்நேரத்தில்தான் மகளின் கைப்பேசி அன்றைய படங்களையெல்லாம் மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றுகிறது. ரவுட்டரில் அவை வரிசைகட்டி நிற்க, அம்மாவின் குரல் பின்னால் காத்துக் கிடந்திருக்கிறது.

ரவுட்டர் அமைப்பில் பதிவேற்ற வேகத்துக்கு வரம்பு வைத்தேன். இப்போது இரவிலும் 35-ஐத் தாண்டுவதில்லை. நேற்று நாற்பது நிமிடம் பேசினோம். அம்மா ஒருமுறைகூட "கேட்கிறதா?" என்று கேட்கவில்லை. குறிப்பெடுப்பதை நிறுத்தப் போவதில்லை.