‘ரீஜாயின் பேக்’: இதில் என்ன தப்பு?

ஜாலான்_ஈப்போ: 98 நாள் பிரசவ விடுப்பு முடிகிறது. ‘ஐ வில் ரீஜாயின் பேக் ஆன் மண்டே’ என்று மேலாளருக்கு மெயில் எழுதி வைத்தேன். எட்டிப் பார்த்த தம்பி விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஆபிஸில் எல்லாரும் இப்படித்தானே எழுதுகிறார்கள்?

பழைய_வாத்தியார்: சிரிப்பு நியாயம்தான் அம்மா. அந்த ‘ரீ’ லத்தீனிலிருந்து வந்தது. மறுபடியும், திரும்ப என்று பொருள். அதன் பின்னாலேயே ‘பேக்’ எதற்கு? நம் ‘கேட்டு வாசல்’, ‘நடுசென்டர்’ கதைதான். ‘ரிட்டர்ன் பேக்’, ‘ரிவர்ட் பேக்’ எல்லாம் இதன் சொந்தபந்தம்.

பட்டர்வொர்த்_பையன்: வாத்தியாரே, நம் ஊர் மலாயில் ‘மாசோக்’ என்றால் வெறுமனே நுழைவது. மறுபடி சேர்ந்தால் ‘மாசோக் பாலிக்’. அந்தப் பாலிக்தான் இங்கே பேக் ஆனது என்பது என் கணிப்பு. கோலாலம்பூரில் யாருக்குப் புரியவில்லை, சொல்லுங்கள்? அப்புறம், ‘உயர்ந்தோங்கு மலை’ என்கிறோமே, உயர்வதும் ஓங்குவதும் வேறு வேறா? நன்னூலே அதற்கு ‘ஒருபொருட் பன்மொழி’ என்று பேர் வைத்து ஏற்றுக்கொண்டது!

பழைய_வாத்தியார்: பாதி நூற்பாவை விழுங்கிவிட்டீர்கள் தம்பி. ‘ஒருபொருட் பன்மொழி சிறப்பினின் வழாஅ.’ சிறப்பு இருந்தால்தான் வழுவில்லை. இரண்டு சொல் போட்டால் மலை இன்னும் உயரமாகத் தெரிகிறது. ‘பேக்’ போட்டால் இந்த அம்மாவுக்கு விடுப்பு இரண்டு நாள் கூடுமா?

செந்தூல்_அக்கா: அப்படியென்றால் ‘வெல்கம் பேக்’ மட்டும் எப்படி ஐயா சரி?

பழைய_வாத்தியார்: ‘வெல்கம்’ முதல்முறை வருகிறவருக்கும் உண்டே. ‘பேக்’ சேர்ந்தால்தான் போய் வந்தவர் என்று தெரியும். ‘கம் பேக்’கும் அப்படித்தான். இன்னொன்று, ‘ரீஜாயின் டு த கம்பெனி’ என்றும் எழுத வேண்டாம், அந்த ‘டு’ தேவையில்லை. என்னைக் கேட்டால் ‘ரீஜாயின்’ கூட வேண்டாம். ‘ஐ வில் பி பேக் அட் ஒர்க் ஆன் மண்டே.’ முடிந்தது வேலை.

பட்டர்வொர்த்_பையன்: சரி, மெயிலில் விட்டுக்கொடுக்கிறேன். நண்பர்களோடு மாமாக் சாப்பாட்டுக் கடை மேசையில் ‘ஜாயின் பேக்’தான், அதில் மாற்றமில்லை.

செந்தூல்_அக்கா: மேசைக்கு இலக்கணம் பார்த்தால் தே தாரிக் டீ ஆறிவிடும் லா.

ஜாலான்_ஈப்போ: ஐயா சொன்னபடியே அனுப்பிவிட்டேன். மேலாளரின் பதில் இப்போதுதான் வந்தது: ‘நோட்டட். கைண்ட்லி ரிவர்ட் பேக் டு எச்ஆர்.’