மன்றத்துச் சுவரில் யாரை வரைவது: மாரிகுப்பம் லைன் குழுவில் ஒரு சாயங்காலம்

குழு: லைன் சொந்தங்கள், கோலார் தங்கவயல் (லைன் என்பது சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்)

டீச்சர் அக்கா: எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரிலிருந்து ஓவியம், நாடகம் செய்கிற பிள்ளைகள் போன வாரம் வந்து நம் மன்றத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள் அல்லவா? இப்போது திட்டம் அனுப்பியிருக்கிறார்கள். வெளிச்சுவரில் பெரிய ஓவியம், உள்ளே பழைய போட்டோ கண்காட்சி, இருட்டிய பிறகு ஒரு நாடகம். செலவு அவர்களுடையது. நம்மிடம் கேட்பது இடமும் ஒத்தாசையும்தான். அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை வைக்கலாம் என்கிறார்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ரயில் தம்பி: புதன்கிழமையா அக்கா? அன்றைக்கு லைனில் யார் இருப்பார்கள்? விடியாத நேரத்தில் வண்டி ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறோம்.

மேஸ்திரி மாமா: நாங்கள் இருப்போம் தம்பி. இருமிக்கொண்டு.

ரயில் தம்பி: மாமா...

மூன்றாம் வீட்டு அண்ணி: சுவருக்குப் படம் இருக்கட்டும். மன்றத்துக்குப் பின்னால் சாக்கடை நிற்கிறதே, அதற்கு என்ன திட்டம்? நாடகம் பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். இந்த இடம் எங்களுடையது இல்லை என்று ஒரு ஆபீசில் சொல்கிறார்கள், அங்கே போனால் கம்பெனி நிலம், நாங்கள் கை வைக்க முடியாது என்கிறார்கள். சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும் நம் லைன் யாருக்குச் சொந்தம் என்றே முடிவாகவில்லை.

காலேஜ் பாப்பா: அவர்கள் அனுப்பிய மாதிரிப் படத்தைப் போடுகிறேன், பாருங்கள்.

(படம்)

காலேஜ் பாப்பா: சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் குழியின் கோபுரம், துருப்பிடித்த சக்கரம், பின்னால் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கழிவு மண்ணான சைனைட் மேடு, செக்கச்செவேல் என்று வானம். அழகாகத்தான் இருக்கிறது.

மேஸ்திரி மாமா: ஆளைக் காணோமே.

காலேஜ் பாப்பா: கீழே ஒரு நாய் இருக்கிறது தாத்தா.

ஸ்டோர் சித்தப்பா: நாய்க்கு இருக்கிற மரியாதை நமக்கு இல்லை. சினிமாக்காரர்கள் வந்தாலும் இதே கதைதான். அந்த மேட்டில் பாட்டு எடுப்பார்கள், சண்டை எடுப்பார்கள், பாலைவனம் என்று காட்டிவிட்டுப் போவார்கள். அதன் அடியில் நாம் குடியிருக்கிறோம் என்பது ஒரு பிரேமில்கூட வராது.

டீச்சர் அக்கா: அதைத்தான் நானும் யோசிக்கிறேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்த மன்றத்தில் கடைசியாக நடந்த நிகழ்ச்சி எது என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? இந்தப் பிள்ளைகள் மனசு கெட்டவர்கள் இல்லை. எதை வரைவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மாமா, நீங்கள் சொல்லுங்கள். சுவரில் என்ன இருக்க வேண்டும்?

மேஸ்திரி மாமா: (குரல் செய்தி)

ரயில் தம்பி: வண்டியில் கூட்டம், ஒன்றும் கேட்கவில்லை. யாராவது எழுதிப் போடுங்கள்.

காலேஜ் பாப்பா: நான் எழுதுகிறேன் அண்ணா. தாத்தா சொன்னது: "ஆட்களை ஷாஃப்டில் இறக்கி ஏற்றுகிற கேஜ் கூண்டை வரையச் சொல். அதில் நெருக்கியடித்து நிற்கிற ஆட்களை வரையச் சொல். இறங்க ஆரம்பித்தால் காது அடைத்துக்கொள்ளும். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அங்கே பாறையைத் தொட்டால் சுடும். மேலே மிஷின் வைத்துக் குளிர்ந்த காற்றை அனுப்பித்தான் வேலையே நடந்தது. பாறை வெடித்தால் மேலே லைன் வீட்டில் பாத்திரம் உருளும். உடனே பொம்பளைகள் எல்லாம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். என் அம்மாவும் ஓடியிருக்கிறாள், என் பெண்டாட்டியும் ஓடியிருக்கிறாள். சக்கரத்தை மட்டும் வரைந்தால், அது எதைத் தூக்கியது எதை இறக்கியது என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

மூன்றாம் வீட்டு அண்ணி: ஓடுகிற பெண்களை வரையட்டும். அதற்கு நான் சம்மதம்.

ஸ்டோர் சித்தப்பா: நானும்.

புத்தகப் பெரியப்பா: தாமதமாக வந்தேன், மன்னிக்கவும். கண்காட்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போட்டோ பட்டியலைப் பார்த்தேன். ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் வந்தது, துரைமார் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். எல்லாம் சரிதான், இருந்ததுதான். ஆனால் இதே மாரிகுப்பத்தில், சாம்பியன் ரீஃபில், சுரங்கத்தில் இறங்கி ஏறியவர்கள் பௌத்த சங்கம் நடத்தினார்கள். அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய தமிழன் பத்திரிகை, 1914இல் அவர் மறைந்து சில காலம் கழித்து, இந்தத் தங்கவயலிலிருந்து மறுபடி வந்தது. நடத்தியவர் அப்பாத்துரையார். பாறை உடைத்துவிட்டு வந்த கை பத்திரிகை படித்தது, புத்தகம் போட்டது. அதற்குக் கண்காட்சியில் ஒரு பலகைகூட இல்லை. குட்டி இங்கிலாந்து என்று மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

டீச்சர் அக்கா: இதற்கு ஒரு முழுச் சுவரே ஒதுக்கச் சொல்கிறேன் பெரியப்பா. உங்களிடம் இருக்கிற பழைய பிரதிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா?

புத்தகப் பெரியப்பா: பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன் என்றால் வைக்கலாம். யாரும் கை வைக்கக் கூடாது.

காலேஜ் பாப்பா: எனக்கும் ஒரு பலகை வேண்டும். 1965இல் நம் சுரங்கத்தின் ஆழத்தில்தான் காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்கிற நுண்துகளை முதன்முதலில் கண்டுபிடித்தவர்களில் ஒரு குழு வேலை செய்தது. மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பான் ஒசாகா, இங்கிலாந்து டர்ஹம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து. மேலே இருக்கிற பாறை மற்றக் கதிர்களையெல்லாம் தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் கடந்து வரும். அதனால்தான் இவ்வளவு ஆழம் தேவைப்பட்டது. என் வகுப்பில் சொன்னால் யாரும் நம்பவில்லை, தங்கவயலா என்று சிரித்தார்கள்.

மேஸ்திரி மாமா: அந்த சயின்ஸ்காரர்களைப் பற்றி அப்பா சொல்லியிருக்கிறார். பெட்டி பெட்டியாக இறக்கினார்களாம். இறக்கியது நம் ஆட்கள்தான், அதையும் எழுது.

ரயில் தம்பி: அப்படியே கரண்டையும் சேருங்கள். சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902இல் இங்கே கம்பி வந்தது. பெங்களூர்த் தெருவில் 1905இல்தான் விளக்கு எரிந்தது. ஆபீசில் என்னை எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்வேன்.

ஸ்டோர் சித்தப்பா: பெருமை சரி. ஆனால் அது சுரங்கத்துக்கு வந்த கரண்ட் தம்பி, லைன் வீட்டுக்கு வந்தது இல்லை. பலகையில் அந்த ஒரு வரியும் வேண்டும்.

மூன்றாம் வீட்டு அண்ணி: நேற்று ராத்திரியும் வரவில்லை.

டீச்சர் அக்கா: சரி, அப்புறம் நாடகம். கதைச் சுருக்கம் வந்திருக்கிறது. 2001 பிப்ரவரி 28, சுரங்கம் மூடுகிற நாள். ஒரு தொழிலாளி வீட்டுக்கு வந்து அழுகிறான். மனைவி அழுகிறாள். பிள்ளை அழுகிறது. முடிவில் எல்லோரும் ஊரை விட்டுப் போகிறார்கள்.

மேஸ்திரி மாமா: போகவில்லையே. இங்கேதான் இருக்கிறோம்.

ஸ்டோர் சித்தப்பா: அன்றைக்கு அழுதது உண்மை. நான் அழுதேன். ஆனால் மறுநாள் காலையில் சங்கு ஊதாமலேயே எழுந்து டிபன் பாக்ஸைத் தேடியதும் உண்மைதான். அப்புறம் சண்டை போட்டோம், மறியல் செய்தோம், பாக்கிப் பணத்துக்குக் கோர்ட்டுக்கு அலைந்தோம், பந்து விளையாடினோம், கிறிஸ்துமஸுக்குப் பேண்டு வாசித்தோம், கல்யாணம் செய்தோம். வெறும் அழுகையாகக் காட்டினால் நான் பாதியில் எழுந்து போய்விடுவேன்.

ரயில் தம்பி: சித்தப்பா, உங்கள் ஆர்கெஸ்ட்ரா ஆட்கள் இன்னும் இருக்கிறார்களா?

ஸ்டோர் சித்தப்பா: டிரம்ஸ் அண்ணன் தவறிவிட்டார். டிரம்பெட் இருக்கிறார், மூச்சு இல்லை. நுரையீரலில் சிலிகா தூசி. அவர் உட்கார்ந்து தாளம் போடுவார், அவர் பேரன் ஊதுவான். நன்றாகவே ஊதுகிறான்.

டீச்சர் அக்கா: அந்தப் பையனை நாடகத்துக்குள் கொண்டு வரலாம் என்று எழுதிவிடுகிறேன். இன்னொன்று, நாடகம் எந்த மொழியில் என்று கேட்கிறார்கள்.

மூன்றாம் வீட்டு அண்ணி: தமிழ்தான், வேறென்ன?

முனை வீட்டுக் கன்னட டீச்சர்: நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் அண்ணி. என் மாமனாரும் இதே கேஜில்தான் இறங்கினார்.

மூன்றாம் வீட்டு அண்ணி: ஐயோ டீச்சர், அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை.

மேஸ்திரி மாமா: கீழே நாங்கள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவோம். திட்டும்போது இன்னும் ஒன்றிரண்டு சேரும். அப்படியே பேசட்டும். தனித்தனியாகப் பிரித்தால்தான் போலியாக இருக்கும்.

முனை வீட்டுக் கன்னட டீச்சர்: அதுதான் சரி. என் மாணவர்களில் நாலு பேரைத் தருகிறேன்.

ரயில் தம்பி: கிழமையைப் பேசி முடியுங்கள். ஞாயிறு வைத்தால் வருகிறோம். இல்லாவிட்டால் வேண்டாம். கோரமண்டல், ஊர்காம், சாம்பியன், மாரிகுப்பம் எல்லா ஸ்டேஷனிலும் இறங்குகிற கூட்டம்தான் இன்றைக்கு இந்த ஊர். அவர்கள் பார்க்க முடியாத விழா யாருக்கு?

டீச்சர் அக்கா: ஞாயிறு என்று எழுதிவிட்டேன். அவர்களுக்குப் புதன்கிழமை கேமராக்காரர் கிடைக்கிறாராம், அதற்காகத்தான் கேட்டார்களாம். வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

மூன்றாம் வீட்டு அண்ணி: என் சாக்கடை?

ஸ்டோர் சித்தப்பா: அண்ணி கேட்பதை விடக் கூடாது. அதோடு மேட்டு விஷயமும் இருக்கிறது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, 13 கழிவு மேடுகள், ஆயிரம் ஏக்கருக்கு மேல். அந்த மண்ணில் மிச்சமிருக்கிற தங்கத்தை எடுப்பது திட்டம். தோண்ட ஆரம்பித்தால் நமக்கு வேலை கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த வேலை பெரும்பாலும் மிஷினுக்கும் லாரிக்கும்தான் போகும் என்பது என் எண்ணம். நான் கேட்பது வேறு. சும்மா கிடக்கும்போதே ஆடிக் காற்றில் சோற்றுத் தட்டில் வந்து விழுகிறது. மழை பெய்தால் கரைந்து ஓடுகிறது. கிளறினால் என்ன ஆகும்? தண்ணீர் தெளித்துத் தோண்டுவார்களா, லாரிக்குத் தார்ப்பாய் போடுவார்களா, காற்றில் தூசி எவ்வளவு என்று அளந்து நமக்குச் சொல்வார்களா? இதை இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும். ஆரம்பித்த பிறகு கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ரயில் தம்பி: என் பையனுக்கு இப்போதே வீசிங் இருக்கிறது. வேலை வந்தால் நல்லதுதான் சித்தப்பா, நான் மறுக்கவில்லை. பெங்களூர் ரயிலிலேயே பாதி வாழ்க்கை போகிறது. ஆனால் நீங்கள் கேட்பது நியாயம்.

டீச்சர் அக்கா: கண்காட்சி வாசலில் மேஜை போடுவோம். இரண்டு மனு. ஒன்று மன்றத்துப் பின்பக்கச் சாக்கடை, அந்த நிலத்துக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் பதில் கேட்டு. இன்னொன்று தூசி. படம் பார்க்க வருகிற எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

புத்தகப் பெரியப்பா: கட்டாயப்படுத்தக் கூடாது அம்மா. படித்துப் பார்த்துப் போடட்டும்.

டீச்சர் அக்கா: சரி பெரியப்பா, படித்துப் பார்த்து.

காலேஜ் பாப்பா: பதில் வந்துவிட்டது! ஞாயிறு சரியாம். ஆட்களை வரையவும் சம்மதம். ஆனால் யார் முகத்தை வரைவது, பழைய போட்டோ கொடுங்கள் என்கிறார்கள்.

மூன்றாம் வீட்டு அண்ணி: என் மாமியாரை வரையட்டும்.

ஸ்டோர் சித்தப்பா: ஆரம்பித்துவிட்டது. இனி லைன் முழுக்க அவரவர் மாமியாரைக் கொண்டு வருவார்கள்.

மேஸ்திரி மாமா: வரட்டுமே. சுவர் நீளம்தான்.

டீச்சர் அக்கா: போட்டோ இருப்பவர்கள் பாப்பாவிடம் கொடுங்கள், அவள் ஸ்கேன் எடுத்துத் திருப்பித் தந்துவிடுவாள். இங்கே அனுப்ப வேண்டாம், குழு நிரம்பிவிடும். அனுமதிக் கடிதத்தை நானும் கன்னட டீச்சரும் எழுதிக்கொள்கிறோம். நாளைக்கு அவர்கள் உள்ளே அளவெடுக்க வருகிறார்கள். மன்றத்துச் சாவி யாரிடம்?

ஸ்டோர் சித்தப்பா: என்னிடம் இல்லை.

புத்தகப் பெரியப்பா: என்னிடம் ஒரு சாவி இருக்கிறது. எதன் சாவி என்றுதான் தெரியவில்லை.

மூன்றாம் வீட்டு அண்ணி: பூட்டே இல்லை, அப்புறம் என்ன சாவி? போன மழைக்கே கொண்டி கழன்றுவிட்டது. மாடு நுழையாமல் இருக்க நான்தான் கம்பி சுற்றி வைத்திருக்கிறேன்.

மேஸ்திரி மாமா: காலையில் கட்டிங் பிளேயர் கொண்டு வருகிறேன். புதுக் கொண்டிக்கு மட்டும் யாராவது சொல்லி வையுங்கள்.

ரயில் தம்பி: வண்டி பங்காரப்பேட்டையில் நிற்கிறது. கடை திறந்திருந்தால் கொண்டி நான் வாங்கி வருகிறேன் மாமா. எத்தனை அங்குலம்?