ஒரே ஒரு லென்ஸை வைத்து லீவன்ஹூக் எப்படி பாக்டீரியாவைப் பார்த்தார்?

கடுகுமணி:
ரொம்ப நாளாக உறுத்துகிற கேள்வி. இரண்டு லென்ஸ் வைத்த கூட்டு நுண்ணோக்கி 1600-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது, கலிலியோகூட 1624-ல் ஒன்று செய்து நண்பருக்கு அனுப்பியிருக்கிறார். ராபர்ட் ஹூக் தக்கையில் செல்களைப் பார்த்து 1665-ல் வரைந்து வெளியிட்டதும் அந்த வகைக் கருவியில்தான். அப்புறம் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஊர்த் துணி வியாபாரி லீவன்ஹூக், ஒரு சின்ன உலோகத் தகட்டில் ஒற்றை லென்ஸைப் பொருத்தி, 1676-ல் பாக்டீரியாவைப் பற்றியே கடிதம் எழுதுகிறார். பழைய கருவி புதியதை ஜெயித்தது எப்படி?

குவியம்:
அந்தக் காலத்துக் கூட்டு நுண்ணோக்கி கொடுத்தது பெரிய படம்தான், தெளிவான படம் இல்லை. லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு இடத்தில் குவிப்பதால் விளிம்பெல்லாம் வண்ணம் படரும், இதுதான் நிறப்பிறழ்ச்சி. இது போக, லென்ஸின் விளிம்பு வழியே வரும் ஒளியும் நடு வழியே வரும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாத கோளப்பிறழ்ச்சி வேறு. பொருளருகு லென்ஸ் செய்த கலங்கலை கண்ணருகு லென்ஸ் இன்னும் பெரிதாக்கிக் காட்டும், தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கவும் செய்யும். ஒற்றை லென்ஸில் அந்த இரண்டாம் சுற்றே கிடையாது. லென்ஸ் சிறிதாக ஆக உருப்பெருக்கம் கூடும்: சுமார் ஒரு மில்லிமீட்டர் கண்ணாடி மணி ஒன்று 250 மடங்குக்கு மேலேயே காட்டும். எஞ்சியிருக்கும் லீவன்ஹூக் கருவிகளில் மிகச் சக்தி வாய்ந்தது உட்ரெக்ட்டில் இருக்கிறது, அது ஏறக்குறைய 270 மடங்கு.

ஆனால் கண்ணை லென்ஸோடு ஒட்டி வைத்து, திருகாணியை நகர்த்திக்கொண்டே பார்க்க வேண்டும். அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது.

பழையபேப்பர்:
செய்முறையை அவர் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. 2021-ல் அந்த உட்ரெக்ட் கருவியைப் பிரிக்காமலே நியூட்ரான் கதிர் செலுத்திப் பார்த்தார்கள்: உள்ளே இருந்தது தேய்த்த லென்ஸ் இல்லை, கண்ணாடி இழையை உருக்கிச் செய்த மணி. அந்த முறையை ஹூக் தன் 1665 புத்தக முன்னுரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்! இவ்வளவு சிறியதை வைத்துப் பார்ப்பது தொல்லை என்று அவரே அதை ஒதுக்கிவிட்டார். பிறகு 1677-ல், மிளகு ஊறிய தண்ணீரில் லீவன்ஹூக் சொன்ன நுண்ணுயிர்கள் உண்மையிலேயே இருக்கின்றன என்று லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியில் காட்டியதும் இதே ஹூக்தான். (மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று பார்க்கப் போய்த்தான் லீவன்ஹூக் அதை ஊறவைத்தார்.)

கடுகுமணி:
அருமை. சரி, கூட்டு நுண்ணோக்கி எப்போது முந்தியது? இப்போது 2000 மடங்கு என்றெல்லாம் விளம்பரம் வருகிறதே, அதை நம்பலாமா?

குவியம்:
150 வருடம் போல ஆனது. ராபர்ட் பிரௌன் 1827-ல் மகரந்தத் துகள்களுக்குள் இருந்த நுண்பொடி ஓயாமல் ஆடுவதைப் பார்த்ததுகூட ஒற்றை லென்ஸில்தான். இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்து நிறப்பிறழ்ச்சியை அடக்கும் வித்தை தொலைநோக்கிக்கு 1750-களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது, ஆனால் நுண்ணோக்கியின் குட்டி லென்ஸ்களில் அதைச் செய்வது பெரும்பாடு. ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் 1830-ல், லென்ஸ்களை எவ்வளவு தள்ளி வைத்தால் கோளப்பிறழ்ச்சியும் அடங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் தொழிலால் ஒயின் வியாபாரி. அறுவை சிகிச்சையில் கிருமிநாசினியைக் கொண்டுவந்த லிஸ்டரின் அப்பா. அங்கிருந்துதான் கூட்டு நுண்ணோக்கியின் கை ஓங்கியது.

2000 மடங்கு சமாச்சாரம்: 1873-ல் எர்ன்ஸ்ட் அபே, ஒளியின் அலைநீளமே ஒரு எல்லை போடுகிறது என்று காட்டிவிட்டார். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குள் நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகத்தான் தெரியும். அதற்கு மேல் பெருக்கினால் கலங்கல்தான் பெரிதாகும். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்ததே (ரஸ்காவும் நோலும், 1931) இந்தச் சுவரைத் தாண்டத்தான்.

வாங்குவதாக இருந்தால் பொருளருகு லென்ஸின் பக்கவாட்டில் 40/0.65 மாதிரி பொறித்திருப்பதைப் பாருங்கள். இரண்டாவது எண்ணை (லென்ஸ் எவ்வளவு அகலமாக ஒளியை வாங்குகிறது என்பதன் அளவு) ஆயிரத்தால் பெருக்கினால் வருவதுதான் உருப்படியான உருப்பெருக்கத்தின் உச்சம், இங்கே 650. எண்ணெய் விட்டுப் பார்க்கும் 1.25 லென்ஸுக்கே 1250-தான்.