அரிசோனாவில் மலைச்சிங்கத்தையும் கயோட்டியையும் சுடுவது வனப் பாதுகாப்பு ஆகுமா?

கள்ளிக்காடன் (டூசான்):

மலைச்சிங்கத்தையும் (பூமா) கயோட்டியையும் (ஓநாயைவிடச் சிறிய காட்டு நாய்) சுடுகிறவர்களுக்கு வனத்தின்மேல் துளியும் அக்கறை கிடையாது, அவர்கள் செய்வது வெறும் கொலை என்று முந்தைய இழையில் யாழ்மொழி எழுதியிருந்தார். அரிசோனாவில் மானும் காடையும் ஹாவலினா என்ற காட்டுப்பன்றி போன்ற விலங்கும் வேட்டையாடி உண்பவன் என்ற முறையில் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

மாநிலத்தின் தென்மேற்கில், யூமாவுக்கு வடகிழக்கே, கோஃபா மலைகள் இருக்கின்றன. பாலைவனப் பெருங்கொம்பு ஆடுகளைக் காப்பதற்கென்றே 1939-இல் அங்கே சரணாலயம் அமைத்தார்கள். அங்கே பெருகிய ஆடுகளைப் பிடித்துச் சென்று, ஆடு அற்றுப்போன வேறு மலைகளில் விட்டதால், தென்மேற்கின் பல மந்தைகளுக்குக் கோஃபாதான் தாய்வீடு. 2000-இல் ஏறத்தாழ 800 ஆக இருந்த அந்த ஆடுகள் 2006 கணக்கெடுப்பில் 400-க்கும் கீழே இறங்கிவிட்டன. முன்பெல்லாம் அபூர்வமாக வந்துபோன மலைச்சிங்கங்கள் அதே காலத்தில் அங்கே நிலையாகத் தங்கத் தொடங்கியிருந்தன. வனவிலங்குத் துறை அவற்றின் கழுத்தில் கருவிப் பட்டை மாட்டி, எது எதை அடிக்கிறது என்று பார்த்து, திரும்பத் திரும்ப ஆடு அடித்தவற்றை அகற்றியது. மலைக்கு மலை தனித்துக் கிடக்கும் சிறு மந்தையை, ஆட்டுக்குப் பழகிவிட்ட ஒரு சிங்கம் சில ஆண்டுகளில் மீள முடியாத நிலைக்குக் கொண்டுபோய்விடும். அப்போது கைகட்டிப் பார்த்திருப்பதை என்னால் அக்கறை என்று ஏற்க முடியவில்லை.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி விதிக்கப்படும் 10 முதல் 11 விழுக்காட்டு வரியும், நாங்கள் வாங்கும் உரிமங்களும்தான் மாநில வனவிலங்குத் துறைகளைப் பெருமளவு தாங்கி நிற்கின்றன. கோடை வறட்சியில் பாலைவனத் தொட்டிகளுக்கு லாரியில் தண்ணீர் போவது அந்தப் பணத்தில்தான். பெருங்கொம்பு ஆட்டை அரிசோனாவில் ஒருவர் தம் வாழ்நாளில் கிளையினத்துக்கு ஒன்றுதான் சுட முடியும்; குலுக்கலில் பெயர் வராமலே முதுமை அடைந்தவர்கள் ஏராளம். அவர்களும் ஆண்டுதோறும் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

யாழ்மொழி (ஃபிளாக்ஸ்டாஃப்):

கோஃபாவைப் பற்றி நீங்கள் சொன்ன எண்களை நான் மறுக்கவில்லை. அந்தக் கதையில் விடுபட்டவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அந்த ஆண்டுகள் கடும் வறட்சி ஆண்டுகள். அதே வறட்சியில், 2002-இல், பக்கத்துக் கபேசா பிரியெட்டா பகுதியில் சோனோரன் பிராங்ஹார்ன் மறிமான்கள் அமெரிக்க எல்லைக்குள் 21 என்ற அளவுக்குக் குறைந்தன. அவற்றைக் கொன்றது சிங்கம் அன்று. தீனியும் நீரும் இல்லாமைதான். இரண்டாவது, நீங்கள் பெருமையோடு குறிப்பிட்ட தண்ணீர்த் தொட்டிகள். பாறைச் சரிவில் தளம் போட்டு, பெய்யும் மழையைப் புதைத்த தொட்டிக்குள் இறக்கி, விலங்கு இறங்கிக் குடிக்கச் சாய்வுப் பாதையும் வைத்துக் கட்டுகிறோம். ஆட்டுக்காகக் கட்டியதில் கோவேறு மானும் வந்து குடிக்கிறது. மான் தங்கும் இடத்தில் மலைச்சிங்கமும் தங்கிவிடுகிறது. நிரந்தர நீர் இல்லாத அந்த மலைகளில் சிங்கம் நிலைபெற்றதற்கு இந்தத் தொட்டிகளும் ஒரு காரணமா என்ற கேள்வி அங்கே பணிபுரிகிறவர்களிடையிலேயே உண்டு. நாம் மாற்றி வைத்த நிலத்தில் நடந்ததற்குச் சிங்கத்தை மட்டும் குற்றவாளி ஆக்குவது நியாயம் இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். கோஃபாவில் நடந்தது, குறிப்பிட்ட விலங்கைக் குறிப்பிட்ட காரணத்துக்காகத் துறை அகற்றியது. மாநிலம் முழுவதும் உரிமம் வாங்கிய எவரும் எந்தச் சிங்கத்தையும் சுடலாம் என்ற வேட்டைப் பருவம் அதிலிருந்து முற்றிலும் வேறானது. ஒன்றின் நியாயத்தை மற்றதன்மேல் ஏற்ற முடியாது. ஆட்டையே பாராத வடக்கு ஜூனிபர் காட்டில் சுடப்படும் சிங்கம் கோஃபாவின் எந்த ஆட்டைக் காப்பாற்றுகிறது?

பெண் சிங்கத்தின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். மான்களைப்போல் இதற்கு ஈனும் பருவம் என்று ஒன்று இல்லை. ஆண்டின் எந்த மாதத்திலும் குட்டி போடும். குட்டிகள் ஒன்றரை ஆண்டு வரை தாயை நம்பியே இருக்கின்றன. உடலில் புள்ளி உள்ள குட்டியையும், அத்தகைய குட்டியோடு இருக்கும் தாயையும் சுடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் தாய் வேட்டைக்குக் கிளம்பும்போது சிறு குட்டிகளைப் பாறை இடுக்கில் விட்டுவிட்டுத் தனியாகத்தான் போகிறது. சுடுபவர் கண்ணுக்கு அது தனிச் சிங்கம். புள்ளி மங்கிய குட்டிகளோ சட்டத்தின் காவலுக்கும் வெளியே நிற்கின்றன, தாமாக இரை பிடிக்கவும் தெரியாமல் இருக்கின்றன.

வெண்மணல் (லாஸ் குரூசெஸ்):

நான் கால்நடை மருத்துவத் துறையில் வேலை செய்கிறேன், வேட்டை ஆடியதில்லை. இருவரும் மானையும் ஆட்டையும் மட்டும் பேசுகிறீர்கள், பண்ணையாளரை மறந்துவிட்டீர்கள்.

நியூ மெக்ஸிகோவிலும் அரிசோனாவிலும் மாடுகள் பெரும்பாலும் கொட்டிலில் இல்லை. பல்லாயிரம் ஏக்கர் திறந்த மேய்ச்சல் நிலத்தில், பல இடங்களில் அரசு நிலத்தில், தாமாகவே மேய்ந்து தாமாகவே ஈனுகின்றன. கயோட்டி பிடித்த கன்றை நான் பார்த்திருக்கிறேன்: ஈனும்போதே பின்பக்கத்திலிருந்து கடிக்கத் தொடங்கியிருக்கும், சில வேளைகளில் தாயும் பிழைப்பதில்லை. சிங்கம் அடித்தது என்றால் கழுத்திலோ பிடரியிலோ பல் பதிந்திருக்கும், உடலை இழுத்துப் போய்ப் புல்லும் சருகும் தள்ளி மூடியிருக்கும். இத்தகைய இழப்பைத் தாங்குகிற குடும்பத்திடம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நகரத்தில் இருந்துகொண்டு சொல்வது எளிது.

அதே நேரத்தில், கயோட்டிப் போட்டிகளை நானும் எதிர்த்தேன். ஒரு வார இறுதியில் யார் அதிகம் கொல்கிறார் என்று எண்ணிப் பரிசு கொடுப்பதற்கும் கன்றைக் காப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டு மாநிலங்களுமே 2019-இல் அவற்றைத் தடை செய்தது சரியான முடிவு.

கள்ளிக்காடன்:

போட்டிகளை நானும் ஆதரித்தது இல்லை. அந்தத் தடையை அரிசோனாவில் கொண்டுவந்தது வனவிலங்கு ஆணையம்தான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். விலங்கு கடந்தால் தானாகப் படமெடுக்கும் கேமரா விஷயமும் அப்படித்தான். பாலையில் ஒரு தொட்டியைச் சுற்றிக் கேமராக்கள் குவிந்து, தண்ணீருக்கு வரும் விலங்குக்கு ஒளிய இடமே இல்லாமல் போனபோது, 2021-இல் ஆணையம் வாக்களித்து, 2022 சனவரி முதல் வேட்டைக்காக அவற்றைப் பயன்படுத்துவதை நிறுத்தியது. எங்களில் பலர் அதை வரவேற்றோம். வேட்டைக்காரர் கூட்டம் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளாது என்பது சரியில்லை.

நாய் வைத்துச் சிங்கம் வேட்டையாடுவதை நேரில் பாராதவர்கள்தான் அதைக் கொடுமை என்று எளிதாகச் சொல்கிறார்கள். வடக்கே பனியில் தடம் பார்த்துப் போகலாம். இங்கே காய்ந்த பாறையில் வாடையை மட்டும் நம்ப வேண்டும். இரவில் சிங்கம் நடந்த வாடை வெயில் ஏறினால் போய்விடும் என்பதால், விடியும் முன்பே கோவேறு கழுதை ஏறிக் கிளம்புவார்கள். மோப்பம் விட்டுப்போய் வெறுங்கையோடு திரும்பும் நாள்களே அதிகம். நாய்களுக்கு அஞ்சிச் சிங்கம் மரத்தில் ஏறிய பிறகு, கீழே நின்று, அது ஆணா பெண்ணா, பாலூட்டுகிறதா என்று நிதானமாகப் பார்க்க முடியும்; பார்த்துவிட்டு நாய்களைக் கட்டி அழைத்துக்கொண்டு திரும்புகிறவர்களை எனக்குத் தெரியும். யாழ்மொழி கவலைப்படுகிற தவறு, தூரத்திலிருந்து ஓடும் விலங்கைச் சுடும்போதுதான் அதிகம் நேரும். நாயைத் தடை செய்தால் அந்தத் தவறு கூடும்.

கயோட்டிக்கு வருகிறேன். ஃபிளாக்ஸ்டாஃபுக்குத் தென்கிழக்கே ஆண்டர்சன் மேசை என்ற மேட்டுநிலத்தில் பிராங்ஹார்ன் குட்டிகள் பிழைக்காமல் மந்தை தேய்ந்துகொண்டிருந்தது. மான் ஈனுவதற்குச் சற்று முன், வசந்தத்தில், வானிலிருந்து கயோட்டிகளைக் குறைத்தபோது பிழைத்த குட்டிகள் கூடின; 1986-இல் வெளிவந்த ஆய்வு அதன் செலவையும் பயனையும் கணக்கிட்டே காட்டியது. சோனோரன் பிராங்ஹார்னைக் காப்பாற்றியது நீரும் தீனியும்தான் என்று யாழ்மொழி சொல்லக்கூடும். அவற்றைப் பெருக்குவதற்காகக் கபேசா பிரியெட்டாவில் கட்டிய அடைப்பைச் சுற்றி மின்வேலி எதற்காகப் போட்டார்கள்? கயோட்டி உள்ளே வராமல் இருப்பதற்காகத்தான்.

முகில்வாணன்:

ஒரு சிறு கேள்வி. மானையும் ஹாவலினாவையும் சமைத்து உண்கிறீர்கள். எனக்கு அது புரிகிறது. கயோட்டியை யாரும் உண்பதில்லை. கோடையில் அதன் தோலுக்கும் மதிப்பில்லை. அப்படியிருக்க அரிசோனாவில் ஆண்டு முழுவதும், எண்ணிக்கை வரம்பே இல்லாமல் அதைச் சுட அனுமதி எதற்கு?

யாழ்மொழி:

முகில்வாணன் கேட்டதுதான் இந்த விவாதத்தின் நடுப்புள்ளி. கயோட்டியை எப்படிச் சுடுகிறார்கள் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிரியோசோட் புதருக்குள் மறைந்து அமர்ந்து, அடிபட்ட முயல் கத்துவதுபோன்ற ஒலியை ஊதுகுழலாலோ ஒலிபெருக்கியாலோ எழுப்புவார்கள். கயோட்டி நேராக வராது; காற்றுக்குக் கீழ்ப்பக்கமாகச் சுற்றி வந்து மோந்து பார்க்கும். அப்படி வந்து நிற்பது எந்தக் கயோட்டி என்று சுடுகிறவருக்குத் தெரியாது. கன்றைப் பிடித்ததாகவும் இருக்கலாம், வாழ்நாளெல்லாம் எலியும் முயலும் மெஸ்கீட் காயும் தின்றதாகவும் இருக்கலாம். கன்றையே தொடாமல் தன் எல்லையைக் காத்துவரும் இணையைக் கொன்றால், அந்த இடத்துக்கு வேறு கயோட்டி வந்து சேரும். அது எப்படிப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது.

ஆண்டர்சன் மேசை எடுத்துக்காட்டை நான் முழுமையாக ஏற்கிறேன், ஏனென்றால் அது என் பக்கமே பேசுகிறது. குறிப்பிட்ட இடம், ஈனுவதற்கு முந்தைய குறிப்பிட்ட வாரங்கள், அளந்து பார்த்த பயன். செய்வதை நிறுத்தினால் கயோட்டிகள் மீண்டும் நிரம்பிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் 70 விழுக்காட்டுக்கு மேல் கொன்றால் ஒழியக் கயோட்டித் தொகை சரியாது என்று 1975-இலேயே கணித்துக் காட்டினார்கள். அக்டோபரிலும் டிசம்பரிலும் பொழுதுபோக்காகச் சுடுகிறவர்களால் அந்த அளவை நெருங்கவும் முடியாது. மே மாதத்தில் பிறக்கும் மான்குட்டிக்கு அதனால் பயனும் இல்லை. மின்வேலியும் அப்படியே. அது கயோட்டியைக் கொல்லாமல் தடுத்த வழி.

பணத்தைப் பற்றியும் ஒன்று. அந்த வரியை இன்று செலுத்துகிறவர்களில் பெரும் பகுதியினர் வேட்டைக்குப் போகாதவர்கள். தற்காப்புக்கும் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கும் துப்பாக்கி வாங்குகிறவர்கள். வேட்டைக்காரர்கள் தருவதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பணம் தருகிறவருக்கே வனத்தின்மேல் உரிமை அதிகம் என்றால், அந்தப் பட்டியல் நீங்கள் நினைப்பதைவிட நீளமானது.

கைபாப் மேட்டுநிலத்தில் இதே அரிசோனா ஒருமுறை பாடம் படித்தது. 1906-இல் கிராண்ட் கேன்யனுக்கு வடக்கே மான்களுக்காகக் காப்பகம் அமைத்து, மான் வேட்டையை நிறுத்தி, சிங்கம், ஓநாய், கயோட்டி எல்லாவற்றையும் அரசு வேட்டைக்காரர்கள் கொன்றார்கள். மான் பெருகி, இளமரம் தழை எல்லாவற்றையும் மேய்ந்து தீர்த்து, 1920-களின் நடுவில் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் பட்டினியால் செத்தது.

கள்ளிக்காடன்:

கைபாப் கதை அவ்வளவு நேரானது இல்லை. அங்கே மேய்ந்த ஆடுமாடுகளையும் அதே காலத்தில் குறைத்தார்கள். மான் பெருகியதற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம், அன்றைய மான் எண்ணிக்கையே நம்பத்தக்கதன்று என்று 1970-இல் சூழலியலர் கிரேம் காஃப்லி கேள்வி எழுப்பினார். பிறகு ஆஸ்பென் மரங்களின் வயதைப் பார்த்த ஆய்வு, மான் மிகுதியாக மேய்ந்தது உண்மை என்று காட்டியது. சரி. ஆனால் கைபாபில் நடந்தது இரைகொல்லிகளை அடியோடு அழிக்கும் முயற்சி. இன்றைய வேட்டை அப்படிப்பட்டதா? நியூ மெக்ஸிகோவில் சிங்கத்துக்கு மண்டலவாரியாக மொத்த வரம்பும், பெண் சிங்கத்துக்குத் தனி வரம்பும் உண்டு. வரம்பை நெருங்கியதும் அந்த மண்டலம் மூடப்படும். நூறாண்டுக்கு முந்தைய தவற்றை இன்றைய வேட்டைக்காரன் தலையில் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

கலிஃபோர்னியா 1990-இல் வாக்கெடுப்பின் வழியே சிங்க வேட்டையை முற்றாகத் தடை செய்தது. அங்கும் கால்நடையை அடித்த சிங்கங்கள் அனுமதிச் சீட்டின்பேரில் கொல்லப்பட்டுத்தான் வந்தன.

வெண்மணல்:

இருவரும் தொடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கம் இப்போது பெரிய சிக்கலே அதுதான். மெக்ஸிகன் ஓநாய் 1998-இல் 11 விலங்குகளோடு அரிசோனாவின் கிழக்கு மலைகளில் திரும்ப விடப்பட்டது. 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் இரு மாநிலங்களிலும் குறைந்தது 286 இருந்தன. ஓநாய் இனங்களில் இது சிறியது. ஓராண்டு நிரம்பாத ஓநாயைத் தூரத்திலிருந்து, அதுவும் அந்தி வெளிச்சத்தில் பார்த்தால் கயோட்டி என்றே தோன்றும். காதின் வடிவமும் கால் நீளமும் மூஞ்சியின் அகலமும் அருகில் நின்றால் தெரியும். முந்நூறு கஜத்துக்கு அப்பால் தெரியாது. கயோட்டி என்று நினைத்துச் சுட்டேன் என்பவரின் பேச்சை மறுத்து, அவர் தெரிந்தே சுட்டார் என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பதும் கடினம். பண்ணையாளருக்காகப் பேசுகிற நானே சொல்கிறேன்: கன்று ஈனும் மேய்ச்சல் நிலங்களைத் தவிர, ஓநாய் நடமாடும் காடுகளில் ஆண்டு முழுவதும் கயோட்டி சுட அனுமதி இருக்கக் கூடாது.

யாழ்மொழி:

இதை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். ஓநாய்ப் பகுதியில் இரவில் விளக்கு அடித்துச் சுடுவதற்கு எந்த விதிவிலக்கும் வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்துடன், சிங்க வேட்டை தொடரத்தான் வேண்டும் என்றால், பெண் சிங்கத்தைச் சுடுவதை முழுவதும் விலக்கட்டும். மரத்தடியில் நின்று ஆணா பெண்ணா என்று பார்க்க முடியும் என்று கள்ளிக்காடன் ஐயா அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

கள்ளிக்காடன்:

ஓநாய்ப் பகுதியில் இரவுச் சுடுதல் வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பகலில் ஆண்டு முழுவதும் தடை என்பதை ஏற்க மாட்டேன்; ஓநாய் குட்டியோடு திரியும் கோடை மாதங்களை மூடினால் போதும். பெண் சிங்கத்துக்கு முழுத் தடை பற்றிய என் பதில்: ஆடு அடிக்கப் பழகிய சிங்கம் பெண்ணாக இருந்தால் துறை அதை அகற்றவே வேண்டும், ஆனால் பெருங்கொம்பு ஆடு இல்லாத மண்டலங்களில் பெண்ணை விட்டுவிட வேண்டும் என்ற விதி வந்தால், ஆணையத்தின் கூட்டத்தில் அதற்கு ஆதரவாகப் பேச நான் தயார். அங்கே நாய் வேட்டையைத் தடை செய்யச் சொல்லி நீங்கள் எழுந்தால், எதிர்த்துப் பேசுகிறவனும் நானாகவே இருப்பேன்.