அப்பாயிக்கு கொரோனா, ஏற்கனவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கு, வோபரின் குடிக்கிறாங்க, என்ன செய்றது?

பொகவந்தலாவ பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். எங்க அப்பாயிக்கு 71 வயசு, சின்ன வயசுல வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு ஒன்னு சுருங்கிப்போச்சு, அதோட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் (இதயம் ஒழுங்கில்லாம துடிக்கிற வருத்தம்) இருக்கு. ரத்தம் கட்டாம இருக்க வோபரின், நாடிய அடக்க பிசோபிரோலோல், டிஜொக்சின், மூணும் ஓடுது, கிளினிக் கொப்பியில எல்லாம் எழுதியிருக்கு. நாலு நாளா காய்ச்சல், இருமல், நேத்து ரெபிட் டெஸ்ட் போட்டா பொசிட்டிவ். இப்ப நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு சொல்றாங்க, விரல்ல மாட்ற மெஷின்ல நாடி 128னு காட்டும், அடுத்த நிமிஷமே 74ங்கும், ஒக்சிஜன் 95. ரெண்டு நாளா சாப்பாடே இறங்கல, வெறும் வயித்துல மாத்திரை வேணாம்னு பிசோபிரோலோலையும் டிஜொக்சினையும் விட்டுட்டாங்க, வோபரின் மட்டும் ராத்திரி குடிக்கிறாங்க. டவுன்ல ஒரு பாமசியில துண்டு இல்லாமலே கிளாரித்ரோமைசின்னு ஒரு அன்டிபயோட்டிக்கும் டைக்லோஃபினக்னு ஒரு வலி மாத்திரையும் குடுத்துட்டாங்க, முந்தாநாள்ல இருந்து குடிக்கிறாங்க. கிளினிக் திகதி இன்னும் மூணு கிழமைக்கு அப்புறம்தான். தம்பி கத்தார்ல இருக்கான், கொரோனாவுக்கு குடுக்கிற பேக்ஸ்லோவிட் மாத்திரைய அனுப்பவான்னு கேக்குறான். என்ன செய்ய?

மழைக்காலம்:
தம்பி பயப்படாதீங்க, கொத்தமல்லி அவிச்சு குடுங்க, இஞ்சியும் போடுங்க. வோபரின் ரத்தத்த தண்ணியாக்கிரும், காய்ச்சல் நேரத்துல அத நிப்பாட்டுறதுதான் நல்லது, பக்கத்து லயத்துல ஒருத்தர் அப்படித்தான் செஞ்சார்.

வாட் அக்கா:
மேல சொன்னவர் கோவிச்சுக்க வேணாம், ஆனா அந்த ரெண்டாவது பேச்ச கேக்காதீங்க. கொத்தமல்லி தண்ணி பரவாயில்ல, வாய்க்கு இதமா இருக்கும், உடம்புல தண்ணியும் சேரும். வோபரின நம்மளா நிப்பாட்டவே கூடாது. வால்வு சுருங்கி, இதயத்தோட மேல் அறை துடிக்காம நடுங்கிட்டே இருக்கிறவங்களுக்கு ரத்தம் அங்க தேங்கி கட்டிக்கும், அது கழண்டு போனா பக்கவாதம். கொரோனாவும் தன் பங்குக்கு ரத்தத்த உறைய வைக்கும். அதுக்காக கூட்டவும் கூடாது. சாப்பாடு இறங்கலன்னா விட்டமின் கே குறையும், அதோட கிளாரித்ரோமைசின் சேர்ந்தா வோபரின் உடம்புல தங்கிப்போகும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு காட்டுற அளவு) ஜிவ்வுன்னு ஏறும். இவங்களுக்கு வழக்கமா 2ல இருந்து 3க்குள்ள இருக்கணும். டைக்லோஃபினக் வயித்துல ரத்தக் கசிவு உண்டாக்கும், வோபரினோட சேரவே கூடாத மாத்திரை, இன்னைக்கே நிப்பாட்டுங்க. காய்ச்சலுக்கு பெனடோல் (பரசிட்டமோல்) போதும். கிளாரித்ரோமைசின் டிஜொக்சின் அளவையும் ஏத்திவிடும், அதனால அத தொடரணுமான்னு டொக்டர்கிட்ட கேளுங்க. கொரோனா வைரஸ்தான், அன்டிபயோட்டிக்குக்கு அது சாகாது.

படபடப்புக்கு பாதிக் காரணம் அந்த பிசோபிரோலோல திடீர்னு விட்டதுதான்னு நெனைக்கிறேன், மிச்சம் காய்ச்சலும் தண்ணி குறைஞ்சதும். மெஷின்ல வர்ற நாடி இந்த வருத்தக்காரங்களுக்கு அவ்வளவு நம்ப முடியாது, துடிப்பு ஒழுங்கில்லாததால பாதிய விட்டுரும். மணிக்கட்டுல விரல வச்சு ஒரு நிமிஷம் முழுசா எண்ணுங்க, அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்க வேணாம். நம்ம ஊர் குளிருக்கு விரல் சில்லுன்னு இருந்தா ஒக்சிஜனும் பிழையா காட்டும், கைய நல்லா தேச்சு சூடாக்கிட்டு பாருங்க. சும்மா இருக்கும்போதே 110க்கு மேல தொடர்ந்து ஓடுனா காத்திருக்க வேணாம், கூட்டிட்டு போங்க. விட்ட மாத்திரைய சேத்து வச்சு ஒரேயடியா குடுத்துராதீங்க.

ரெண்டாம் டிவிஷன்:
அக்கா சொல்றது சரி. எங்க அம்மாவுக்கு 2021ல இதே கத, நாங்க கிளினிக் திகதி வரட்டும்னு இருந்தோம், அதுதான் பெரிய பிழை, ஈறுல இருந்து ரத்தம் வந்த பிறகுதான் ஓடுனோம், ராத்திரில த்ரீவீலும் கிடைக்கல. திகதி பாக்காதீங்க தம்பி. மூச்சு வாங்குனா, நெஞ்சு வலிச்சா, மயங்குனா, வாய் கோணுனா, கறுப்பா வெளிக்கு போனா உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடிங்க. பேக்ஸ்லோவிட் விஷயத்துல அவசரப்படாதீங்க, அதுல ரிட்டோனவிர்னு ஒன்னு இருக்கு, டிஜொக்சின் அளவ ஏத்தும், ஐஎன்ஆரையும் குழப்பும், அமியோடரோன்ங்கிற இதயத் துடிப்பு மாத்திரை குடிக்கிறவங்களுக்கு குடுக்கவே மாட்டாங்க. தம்பி அனுப்புற காச ஹயர் போக வச்சுக்கோங்க.

ஒன்னு கேக்கணும், இந்த வோபரினுக்கு பதிலா ஐஎன்ஆர் பாக்க தேவையில்லாத புது மாத்திரை இருக்காமே, அதுக்கு மாத்த முடியாதா?

வாட் அக்கா:
வாதக் காய்ச்சல்ல வால்வு நல்லா சுருங்குனவங்களுக்கு அது சரிவராது, வோபரின்தான். மத்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்காரங்களுக்கு டொக்டர் பாத்து குடுப்பாரு.

பொகவந்தலாவ பொடியன்:
நேத்து எழுத முடியல, மன்னிக்கணும். அக்கா எழுதுனத பாத்த உடனே கையால எண்ணினேன், 132. நோர்வூட் வழியா டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிட்டோம், பாமசி குடுத்த மாத்திரைப் பெட்டியையும் கிளினிக் கொப்பியையும் கையிலயே எடுத்துட்டு போனது நல்லதா போச்சு, டொக்டர் முதல்ல அதத்தான் கேட்டாரு. ஐஎன்ஆர் 4.8. ரத்தம் எங்கயும் வரல. ஒரு நாள் வோபரின் குடுக்காம விட்டு, அப்புறம் குறைச்சு தொடங்கியிருக்காங்க, ஈசிஜி எடுத்தாங்க, ரத்தத்துல பொட்டாசியமும் பாத்தாங்க, சேலைன் கொஞ்சம் ஏத்துனாங்க, பிசோபிரோலோல திரும்ப குடுத்துட்டாங்க. இன்னைக்கு காலையில நாடி 96. அப்பாயி வாட்ல கஞ்சி குடிச்சிட்டு, தோட்டத்துல கொழுந்து பறிக்க பேர் போட ஆளில்லையேன்னு புலம்புதாம். பென்சன் எடுத்து பதினாறு வருஷமாச்சு அதுக்கு.